சி.ஏ. இன்டர் எழுத நான் தயாரா? கேள்வி பதில்

சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிப்பின் நடுக்கட்டத் தேர்வான இன்டரில் மூன்றாவது முயற்சியில் தேறியவன் நான். இப்போது இன்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் எழுதும் மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) தாள்களைத் திருத்துகிறேன். கேளுங்கள்.

கேள்வி: சிலபஸை இரண்டு முறை முடித்துவிட்டேன் சார். ஆனாலும் பயம் போகவில்லை. தயார் என்று எதை வைத்துச் சொல்வது?

எத்தனை முறை முடித்தீர்கள் என்பதை விடுங்கள். சி.ஏ. தேர்வை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ. வெளியிடும் மாதிரித் தாள்களில் இதுவரை பார்க்காத ஒன்றை எடுத்து, மதியம் 2 மணிக்கு உட்கார்ந்து 5 மணிக்குப் பேனாவை வைத்துவிடுங்கள். தேர்வும் அதே நேரம்தான். சாப்பிட்ட பிறகு வரும் தூக்கத்தையும் சேர்த்துத்தான் பழக வேண்டும்.

முதல் முயற்சியில் நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். அமால்கமேஷன் (நிறுவன இணைப்பு) கணக்குகளை, விடையை அடிஸ்கேலால் மறைத்துக்கொண்டு போடுவேன். இரண்டு வரிக்கு ஒருமுறை ஸ்கேல் தானாகக் கீழே இறங்கும்! எல்லாம் புரிந்த மாதிரியே இருந்தது. ஹாலில் வெள்ளைத்தாளைப் பார்த்ததும் பர்சேஸ் கன்சிடரேஷனை (வாங்கும் நிறுவனம் கொடுக்கும் விலை) எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. 100 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம், அதாவது 14 மதிப்பெண் கணக்குக்கு 25 நிமிடம். அது முழுவதும் யோசிப்பதிலேயே போய்விட்டது.

கேள்வி: மாக் டெஸ்டில் சராசரி 57 வருகிறது. போதுமா அண்ணா?

சராசரியை வைத்து ஏமாறாதீர்கள். இன்டரில் மூன்று மூன்று தாளாக இரண்டு குரூப். ஒவ்வொரு தாளிலும் 40, குரூப்பில் 300-க்கு 150 வேண்டும். வரியில் 70, அக்கவுண்ட்ஸில் 65, சட்டத்தில் 38 என்றால் மொத்தம் 173. ஆனாலும் ஃபெயில்தான். 60 தாண்டிய இரண்டு தாளுக்கும் எக்ஸம்ப்ஷன், அதாவது மறுபடி எழுதுவதிலிருந்து விலக்கு கிடைக்கும், அது ஆறுதல். உங்களுடைய மோசமான தாள், கறாராகத் திருத்தியும் 50 தொடுகிறதா? அப்படியென்றால் தைரியமாகப் போகலாம் என்பேன். ஹாலில் பத்து மதிப்பெண் நழுவுவது சகஜம்.

கேள்வி: என் தாளை நானே திருத்தலாமா?

கணக்குத் தாள் என்றால் சரி. சட்டத்தையும் ஆடிட்டிங்கையும் வேறு யாரிடமாவது கொடுங்கள். போன மாதம் ஒரு தம்பி கம்பெனி சட்டக் கேள்விக்கு, ‘இந்தத் தீர்மானம் செல்லாது’ என்று ஒரே வரி எழுதிவிட்டு, தனக்குத்தானே ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தான். முடிவு சரிதான். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது, கேள்வியில் உள்ள சம்பவத்துக்கு அது எப்படிப் பொருந்துகிறது என்ற இரண்டும் இல்லை. நான் ஒன்றுதான் போட்டேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

கேள்வி: எம்.சி.க்யூ. (சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்) எப்படி?

ஒரு தாளில் 30 மதிப்பெண். இன்டரில் நெகட்டிவ் மார்க் கிடையாது, ஒன்றையும் விடாதீர்கள்.

கேள்வி: தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கிறது. காஸ்டிங்கில் (செலவுக் கணக்கியல்) 35-தான் வருகிறது. தள்ளிப்போடலாமா?

அந்த 65 எங்கே போனது என்று பாருங்கள். தெரிந்த கணக்கை நேரம் போதாமல் விட்டிருந்தால் தள்ள வேண்டாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் முழுத்தாள் எழுதினால் வேகம் வந்துவிடும். நான்கைந்து பாடத்தைத் தொடவே இல்லை என்றால், மூன்று வாரத்தில் காஸ்டிங்கையும் தேற்றி மற்ற தாள்களையும் ரிவிஷன் செய்வது கஷ்டம். அந்த குரூப்பை மட்டும் தள்ளிவிட்டு இன்னொன்றை எழுதுங்கள்.

கேள்வி: இது நான்காவது முயற்சி. ஒவ்வொரு முறையும் தயார் என்று நினைத்துத்தான் போகிறேன்.

எழுதிய விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்த்தீர்களா? ரிசல்ட் வந்த பிறகு ஐ.சி.ஏ.ஐ.யிடம் விண்ணப்பித்தால் கிடைக்கும். என் இரண்டாவது முயற்சியின் தாளை அப்படித்தான் வாங்கினேன். ஞாபகத்தில் நன்றாக எழுதியிருந்த கடைசி மூன்று பக்கத்தை என்னாலேயே படிக்க முடியவில்லை.