குதிகாலில் சதை போன புண்ணுக்குத் தோல் மட்டும் ஒட்டினால் போதாதா? ஃபிளாப் ஆபரேஷன் எதற்கு?

இதே கேள்வியை நானும் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். மகளுக்கு அப்போது 7 வயது. பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தாள், கால் ஃபுட்ரெஸ்ட்டுக்கு எட்டாது. கண்ணசந்த நேரத்தில் கால் சக்கரக் கம்பிக்குள் போய்விட்டது. குதிகாலின் பின்பக்கம் தோலும் சதையும் பிய்ந்து, உள்ளே வெள்ளையாக நரம்பு தெரிந்தது. அது நரம்பு இல்லை, கெண்டைக்காலைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தசைநாண் என்று டாக்டர் சொன்னார்.

தொடையிலிருந்து எடுத்து ஒட்டும் தோலுக்குச் சொந்தமாக ரத்த ஓட்டம் கிடையாது. அடியில் இருக்கும் சதையை நம்பித்தான் பிழைக்கும். வெறும் எலும்பிலும், மேல் சவ்வு போன தசைநாணிலும் அது பிடிக்காது. அப்படியே பிடித்தாலும், செருப்பு உரசும் இடத்தில் அந்த மெல்லிய தோல் திரும்பத் திரும்பப் புண்ணாகும்.

ஃபிளாப் என்றால் தோலையும் அடிக்கொழுப்பையும் ரத்தக்குழாயோடு சேர்த்துத் திருப்பி வைப்பது. அவளுக்குக் கெண்டைக்காலின் பின்புறத்திலிருந்து எடுத்தார்கள். சூரல் ஃபிளாப் என்று பெயர். 1992-இல் பிரான்சின் டாக்டர் மஸ்க்லே குழுவினர் இதைப் பற்றி எழுதிய பிறகு பரவலானது. வெளிக் கணுக்காலுக்குச் சுமார் 5 செ.மீ. மேலே ஒரு காம்பு போல விட்டுவிட்டு, மீதியைக் கீழே திருப்புகிறார்கள். அந்தக் காம்பு வழியாகத்தான் ரத்தம் வரும். எடுத்த இடத்தில் தொடைத் தோலை ஒட்டினார்கள். புண் குதிகாலின் அடியில், எடை விழும் இடத்தில் இருந்தால், உள்ளங்கால் வளைவிலிருந்து எடுப்பதும் உண்டு. அதே தடித்த தோல், உணர்ச்சியும் இருக்கும் என்பதால் அது நல்லது.

ஆபரேஷனை விட அதற்கப்புறம் வந்த நாட்கள்தான் எங்களுக்குக் கஷ்டம். காலில் போட்ட பேண்டேஜில் ஒரு சின்ன ஜன்னல் விட்டிருந்தார்கள். நர்ஸ் அதற்குள் விரலால் லேசாக அழுத்துவார். வெளுத்து, உடனே பழைய நிறம் திரும்ப வேண்டும். இரண்டாம் நாள் ராத்திரி ஓரம் நீலம் பாரித்தது. டாக்டர் வந்து இரண்டு தையலைத் தளர்த்திக் காலை இன்னும் உயர்த்தி வைத்தார். விடிவதற்குள் நிறம் திரும்பிவிட்டது. அந்த ராத்திரியை என்னால் மறக்க முடியாது.

காம்பு நசுங்கக்கூடாது என்பதால் பிள்ளை குப்புறவும் ஒருக்களித்தும்தான் படுத்தாள். நிறைய தலையணை எடுத்துப் போங்கள்.

இப்போது ஓடுகிறாள். பாதத்தின் வெளி ஓரத்தில் மரத்துப்போன உணர்வு இருக்கிறது. வைத்த தோலிலும் உணர்ச்சி குறைவு. கல் குத்தினாலும் தெரியாது என்பதால் தினமும் ராத்திரி காலைத் திருப்பிப் பார்க்கிறோம்.

உங்கள் வீட்டு நோயாளிக்குச் சர்க்கரையோ சிகரெட் பழக்கமோ இருந்தால், தயங்காமல் இப்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டுமே ஃபிளாப்பின் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும்.