மனநல சிகிச்சைக்கு மருத்துவமனையில் சேர்ந்தால் துப்பாக்கி உரிமை போய்விடுமா?

அமெரிக்கக் குடியுரிமை பெற்று வர்ஜீனியாவில் வசிக்கும் உங்கள் அத்தான் கடும் மனச்சோர்வில் இருக்கிறார், துப்பாக்கியைப் பறித்துவிடுவார்கள் என்று பயந்து மருத்துவமனையில் சேர மறுக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாமாகவே போய்ச் சேர்ந்தார் என்பதற்காக யாரும் பறிக்க மாட்டார்கள். இதை இன்றே அவரிடம் சொல்லுங்கள். அதே மாநிலத்தில் மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இந்தப் பயத்தில் நாளைக் கடத்தி, நோய் முற்றியபின் போலீஸ் வண்டியில் வந்து இறங்குகிறவர்களைப் பார்க்கிறேன். உரிமை பறிபோவது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

1968ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம், நீதிமன்றமோ சட்ட அதிகாரமுள்ள வேறு அமைப்போ கட்டாயமாக மனநல மருத்துவமனையில் சேர்த்தவர்களுக்குத் துப்பாக்கியைத் தடை செய்கிறது. தாமாகச் சேர்வதும், கண்காணிப்புக்காக மட்டும் வைக்கப்படுவதும் அதில் அடங்கா.

வர்ஜீனியா சட்டம் இதைவிடக் கடுமையானது. 2005 டிசம்பரில் இங்கே ஒரு கல்லூரி மாணவரை, தமக்கே ஆபத்தானவர் என்று கண்டு, வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறும்படி சிறப்பு நீதிபதி உத்தரவிட்டார். வெளிநோயாளி என்பதால் துப்பாக்கி வாங்க வருகிறவர்களைச் சரிபார்க்கும் பின்னணிச் சோதனைப் பட்டியலுக்கு மாநிலம் அவர் பெயரை அனுப்பவில்லை. 2007இல் அவர் கடைகளில் முறைப்படி இரண்டு கைத்துப்பாக்கிகள் வாங்கி, ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்றார். அதன்பின் சட்டத்தை இறுக்கினார்கள்.

எனவே ஒன்றைக் கவனியுங்கள். தற்காலிகத் தடுப்பு ஆணையில், அதாவது விசாரணை வரை மருத்துவமனையில் கட்டாயமாக வைக்கச் சொல்லும் ஆணையில், ஒருவரைக் கொண்டுவந்தால், சில நாட்களுக்குள் விசாரணை நடக்கும். "விருப்பத்தின் பேரில் சேர்ந்துகொள்கிறீர்களா?" என்று நீதிபதி கேட்பார். கையெழுத்துப் போட்டால் தப்பித்துவிடலாம் என்று குடும்பத்தார் நினைக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் ஒப்புக்கொண்டாலும் இங்கே துப்பாக்கித் தடை உண்டு. நீதிபதியே அதைச் சொல்லிவிடுவார். ஆணை வருவதற்கு முன்பே சேர்வதுதான் வேறு. தடை வந்தாலும், பிற்பாடு நீதிமன்றத்தில் மனுச் செய்து உரிமையை மீட்கலாம்.

மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். கலிபோர்னியாவில் 72 மணி நேரக் கட்டாயச் சேர்க்கைக்கே ஐந்தாண்டுத் தடை உண்டு.

சட்டத்தை விடுங்கள். அவர் தேறும்வரை அந்தத் துப்பாக்கி வீட்டில் இருக்க வேண்டாம். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள, நீங்கள் நம்புகிற ஒருவரிடம் கொடுத்துவைக்கச் சொல்லுங்கள். அக்கா பேசினால் அத்தான் கேட்பார் என்று நினைக்கிறேன். நிலைமை மோசமானால் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.