பாலில் கலந்த மிகச் சிறிதளவு ஆன்டிபயாடிக்கை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
சுவையில் தெரியாது; காய்ச்சினாலும் முழுதாகப் போகாது. பாலில் பரவலாகச் செய்யப்படும் முதற்கட்டச் சோதனை, பாக்டீரியாவையே சாட்சிக்கு அழைக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த முறை இது. ஜியோபாசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற, வெப்பத்தில் செழிக்கும் பாக்டீரியாவின் வித்துகள் ஊதாச் சாயம் கலந்த அகார் கூழில் இருக்கும். அதன்மேல் 0.1 மில்லி பால் விட்டு, 64 டிகிரி செல்சியஸில் சுமார் 3 மணி நேரம் வைப்பார்கள். மருந்து இல்லையென்றால் பாக்டீரியா பெருகி அமிலம் சுரக்கும், ஊதா மஞ்சளாகும். மருந்து இருந்தால் வளர்ச்சி தடைபட்டு, ஊதா அப்படியே நிற்கும். பாலில் பென்சிலினுக்கு கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர விதிகள்) வகுத்த வரம்பு கிலோவுக்கு வெறும் 4 மைக்ரோகிராம். அதையே இது காட்டிக்கொடுத்துவிடும்!

எந்த மருந்து, எவ்வளவு என்று துல்லியமாக அறிய கலவையில் உள்ள பொருள்களைப் பிரிக்கும் குரோமட்டோகிராஃபியும், மூலக்கூறுகளை அவற்றின் நிறையை வைத்து அடையாளம் காணும் நிறை நிறமாலைமானியும் வேண்டும். மாடு வளர்ப்பவர்களே, மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டால், கால்நடை மருத்துவர் சொன்ன கெடு முடியும்வரை அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள்.