மடக்கு வேலைமேசை: எத்தனை கிலோ தாங்கும் என்பது முக்கியமா?

கேள்வி: அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் விடுமுறை நாட்களில் சிறு அலமாரி, முக்காலி போன்ற மரவேலைகளைச் செய்து பழகிவருகிறேன். பலகையை இறுகப் பிடித்துக்கொள்ளும் மடக்கு வேலைமேசை ஒன்று வாங்க விரும்புகிறேன். ஒன்று 100 கிலோ தாங்கும் என்கிறார்கள். இன்னொன்று 250 கிலோ தாங்குமாம், விலையோ இரு மடங்கு. கூடுதல் பணம் கொடுப்பது தகுமா?

பதில்: அந்த எண்ணை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். அது மேசையின்மீது நேர்க் கீழாக ஏற்றும் சுமையைக் குறிக்கிறது. நீங்கள் ஏற்றப்போகும் அலமாரிப் பலகைக்கு 100 கிலோ தாங்கும் மேசையே தாராளம். ஆனால் இழைப்புளி ஓட்டும்போதும் கைரம்பத்தால் அறுக்கும்போதும் விசை பக்கவாட்டில் செல்கிறது. அப்போது மேசை நகர்ந்தாலோ கால்கள் ஆடினாலோ இழைப்பு சீராக வராது என்பதோடு, கை வழுக்கிக் காயம்படவும் கூடும். எனவே கடையில் மேசையை முழுவதும் விரிக்கச் சொல்லி, மேற்பலகையின் ஓரத்தைப் பிடித்து நீளவாக்கிலும் குறுக்கிலும் அழுத்தமாகத் தள்ளிப் பாருங்கள். ஐந்தாறு கிலோ எடையுள்ள மேசையைத் தூக்குவது எளிது. இழைக்கும்போது அது உங்களோடு சேர்ந்தே நகரும். கனமான கால்களும், ஒரு காலை ஊன்றி மேசையை அழுத்திக்கொள்ளக் கீழே ஒரு படியும் உள்ள மேசைக்கு விலை கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது பிடி. லோட்டஸ் எலான் காரை வடிவமைத்த ரான் ஹிக்மன், நாற்காலிமேல் வைத்து மரம் அறுத்தபோது நாற்காலியையும் சேர்த்து அறுத்துவிட்டார். அதன் பிறகு அவர் உருவாக்கிய மேசையைத்தான் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1970களில் 'வொர்க்மேட்' என்ற பெயரில் பெருமளவில் விற்கத் தொடங்கியது. மேற்பலகையே இரண்டாகப் பிரிந்து இடுக்கியாக வேலை செய்வதும், இரு முனைகளிலும் உள்ள திருகுகளைத் தனித்தனியே சுழற்ற முடிவதும் அதன் சிறப்பு. ஒரு முனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் இருக்கும் முக்காலிக் காலையும் அதனால் முழு நீளத்துக்கும் பற்ற முடியும். ஒரே திருகு உள்ள மலிவு மேசையில் இது கடினம். அகலமான பலகையைப் படுக்கவைத்துப் பிடிக்க உதவும் பிளாஸ்டிக் முளைகள் எளிதில் உடையக்கூடியவை. அவை தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

பால்கனியில் சாரல் அடிக்குமானால், எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) பலகை பொருத்திய மேசையை வெளியே விடாதீர்கள். ஈரம் பட்டால் அது உப்பிவிடும். பிறகு இடுக்கியின் வாய் சமமாக மூடாது.

இணையத்தில் வாங்குவதானால், எந்த நாட்டில் தயாரானது, திருப்பித் தரும் விதிமுறை என்ன என்பவற்றைப் பணம் செலுத்தும் முன்பே படியுங்கள். இந்த விவரங்களைத் தெரிவிக்க வேண்டியது விற்பவரின் கடமை. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பழுதான பொருளை மாற்றித்தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.

துளையிடுவதும் ஒட்டுவதும் மட்டுமே உங்கள் வேலை என்றால் 100 கிலோ தாங்கும் மேசையே போதும். இழைப்புளியைத் தொடுவதாக இருந்தால் கனமானதையே வாங்குங்கள்.