பிள்ளை பைலட் ஆகணும் என்கிறதா? சுங்கை சிப்புட் பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

நாலாம் ஆண்டு மாணவனின் அம்மா: அண்ணே, மகன் தமிழ்ப்பள்ளியில படிக்கிறான். பைலட்தான் ஆவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். தோட்டத்து வருமானம்தான் எங்களுக்கு. இப்போ என்ன செய்யணும்?

ஆசையைத் தடுக்காதீங்கம்மா. பணமும் இப்போது எங்கேயும் கட்ட வேண்டாம். முதலில் நிறப்பார்வையைச் சோதியுங்கள். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகள் கண் பரிசோதிக்கும் கடைகளில் இருக்கும். பத்து நிமிட வேலை. சிவப்பு பச்சைக் குழப்பம் ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம், பெரும்பாலும் தாய்வழியாக வருவது.

ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஓடுபாதை ஓரத்தில் வரிசையாக நாலு விளக்கு இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் இறங்கும் உயரம் சரி. நாலும் சிவப்பானால் விமானம் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து வருகிறது. அட்டையில் தடுமாறினால் உடனே கனவு முடிந்ததாக நினைக்காதீர்கள், அதற்கு மேல் வேறு சோதனைகள் உண்டு. ஆனால் எஸ்.பி.எம். (படிவம் 5 முடிவில் எழுதும் அரசுத் தேர்வு) முடிந்த பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிவது நல்லது.

படிவம் 3 மாணவி: நான் கண்ணாடி போட்டிருக்கேன். பொண்ணு வேற. எடுப்பாங்களா, அண்ணா?

தாராளமாக, தங்கச்சி. கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணிலும் 6/9 (சாதாரணக் கண் 9 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது), இரண்டும் சேர்ந்து 6/6 தெரிந்தால் போதும். பறக்கும்போது இன்னொரு கண்ணாடியும் கைவசம் இருக்க வேண்டும். ஆண் பெண் வித்தியாசம் லைசன்ஸ் விதியில் கிடையாது.

எஸ்.பி.எம். எழுதப்போகும் மாணவன்: எந்தப் பாடத்துல கவனம் வைக்கணும்?

கணிதம், ஆங்கிலம், பௌதிகம். பறக்கும் பள்ளிகள் பொதுவாக இவற்றில் கிரெடிட் (வெறும் பாஸுக்கு மேலான தேர்ச்சி) கேட்கும். மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது, அதை மறக்காதே தம்பி.

நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது ஆங்கிலப் பேச்சில். உலக விதிப்படி விமானிக்கு ஆங்கிலப் பேச்சில் ஆறு நிலைகளில் குறைந்தது 4ஆம் நிலை வேண்டும். இலக்கணத்தில் நல்ல மார்க் வாங்கும் பிள்ளையும் இரைச்சலான ரேடியோவில் கேட்டதைத் திருப்பிச் சொல்லத் திணறும். தினம் ஒரு பத்தியை யாராவது வேகமாக வாசிக்க, அதிலுள்ள எண்களை மட்டும் எழுதிக்கொண்டு உரக்கத் திருப்பிச் சொல்லிப் பழகு.

ஓய்வு பெறப்போகும் அப்பா: சேமநிதிப் பணம் வருது. பறக்கும் பள்ளியில மொத்தமா கட்டிடலாமா?

கூடாதுங்க ஐயா. செலவு மூன்று லட்சம் ரிங்கிட்டைத் தாண்டக்கூடும். கட்டும் முன்னே விமானிகளுக்கான முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். கண், காது, இதயம், ரத்தம் எல்லாம் பார்ப்பார்கள். சேர்ந்து பணம் கட்டிய பிறகு இதில் தவறினால் நட்டம் முழுக்கக் குடும்பத்துக்குத்தான்.

அடுத்து, பள்ளிக்கு நேரில் போங்கள். மலேசிய வான் போக்குவரத்து ஆணையத்தின் அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா, இன்று பறக்கும் நிலையில் எத்தனை விமானம், எத்தனை பயிற்சியாளர், எத்தனை மாணவர், கடைசியாக முடித்தவர்களுக்கு எத்தனை மாதம் ஆனது என்று கேளுங்கள். விமானமோ பயிற்சியாளரோ பற்றாவிட்டால் ஒன்றரை வருடப் பயிற்சி மூன்று வருடமாக இழுக்கும், வீட்டு வாடகையும் சாப்பாடும் கூடவே ஏறும். பள்ளியே மூடப்பட்டால் முன்பணம் திரும்புவது சந்தேகம். கட்டணத்தைக் கட்டம் கட்டமாகச் செலுத்த எழுத்தில் ஒப்பந்தம் வாங்குங்கள். மறுதேர்வுக் கட்டணமும், பிறகு வரும் குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சியும் அதில் அடங்குமா என்பதையும் கேளுங்கள். விமான நிறுவனங்கள் கேடட் (பயிற்சி விமானி) தேர்வு அறிவித்தால் முதலில் அதற்கு மனுச் செய்யுங்கள்.

ஆறாம் ஆண்டு மாணவனின் அக்கா: எத்தனை வயசுல ஓட்டலாம்?

தனியார் லைசன்ஸ் 17, வணிக லைசன்ஸ் 18. பெரிய விமானத்தின் கேப்டனாக 21 வயதும் 1,500 மணி நேரப் பறத்தலும் வேண்டும்.

அதே அக்கா: தம்பி வீட்டிலேயே பழக ஏதாவது இருக்கா?

மனக்கணக்கு. கேஎல்ஐஏ (கோலாலம்பூர் விமான நிலையம்) ஓடுபாதை ஒன்றின் ஒரு முனையில் 14 என்று எழுதியிருக்கும், அதாவது திசைகாட்டியில் சுமார் 140 பாகை. எதிர்முனையின் எண் என்ன? 180 கூட்டினால் 320, ஆகவே 32. இன்னொன்று: 30,000 அடியிலிருந்து இறங்க எவ்வளவு தூரம் வேண்டும்? ஆயிரங்களை 3ஆல் பெருக்கு, சுமார் 90 கடல்மைல். தரையிறங்க 140 நாட் (மணிக்கு 140 கடல்மைல்) வேகத்தில் வந்தால், 5ஆல் பெருக்கி, நிமிடத்துக்குச் சுமார் 700 அடி இறங்க வேண்டும். தாளும் பேனாவும் இல்லாமல் சொல்லிப் பழகட்டும்.