டார்சி குளிக்கவே இல்லை

அன்புள்ள ஐயா,

பிபிசியின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ தொடரைப் பார்த்த ஜோரில் ஜேன் ஆஸ்டினின் நாவலையும் வாங்கிவிட்டேன். நாயகன் டார்சி குளத்தில் குதித்துவிட்டு ஈரச் சட்டையோடு நாயகி எலிசபெத் எதிரே வந்து நிற்பாரே, அந்த இடத்தைத் தேடித் தேடிக் கண் பூத்ததுதான் மிச்சம். கடைக்காரர் சுருக்கப் பதிப்பைத் தலையில் கட்டிவிட்டாரோ?

— ர.

அன்புள்ள ர.,

கடைக்காரர் பாவம், அவரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள். 1813இல் வந்த நாவலில் டார்சி குளிக்கவே இல்லை. 43ஆம் அத்தியாயத்தில் குதிரை லாயத்துப் பக்கமிருந்து வருகிறார். இருபது கெஜ தூரத்தில் எலிசபெத் நிற்கிறாள். இருவருக்கும் முகம் சிவந்துபோகிறது. அவ்வளவுதான்.

அவரைக் குளத்தில் இறக்கியது 1995இல் அந்த பிபிசி தொடருக்குத் திரைக்கதை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸ். நாவலுக்கு 200 வயதான 2013இல், லண்டன் ஹைட் பார்க் ஏரிக்குள் 12 அடி உயர டார்சி சிலையை நிறுத்தினார்கள், அதே ஈரச் சட்டையோடு. ஜேன் ஆஸ்டின் எழுதாத காட்சிக்குச் சிலை!

டேவிஸ் மேல் எனக்குக் கோபமில்லை. காதல் கனிகிற நேரம் பார்த்து ஆஸ்டின் அம்மையார் நைசாக நழுவிவிடுவார். டார்சி இரண்டாம் முறை கேட்டு எலிசபெத் சம்மதிக்கும் இடத்தைப் புரட்டிப் பாருங்கள். அவள் சொன்ன பதில் வார்த்தையாக இல்லவே இல்லை. அவரோ, தலைகால் புரியாமல் காதலிக்கும் மனிதரிடம் எதிர்பார்க்கக்கூடிய அளவுக்கு விவேகமாகப் பேசினாராம்! அவருடைய இன்னொரு நாவலான ‘எம்மா’வில் இன்னும் குறும்பு. நாயகி என்ன சொன்னாள் என்று ஆஸ்டினே கேட்டுவிட்டு, சொல்ல வேண்டியதைத்தான் சொன்னாள் என்று முடித்துவிடுகிறார். நாம் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பலாம். கேமரா என்ன செய்யும்? எதையாவது காட்டியாக வேண்டுமே. உடனே தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். பாதிரியார் வீட்டு அறைக்குள் டார்சி முதல்முறை காதலைச் சொல்வதை, 2005 படத்தில் கொட்டும் மழைக்கு இழுத்துவந்தார்கள். இரண்டாம் முறைக்கு விடிகாலைப் பனிமூட்டம்.

ஆஸ்டினிடம் மழையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இதே நாவலில் எலிசபெத்தின் அக்கா ஜேன் மழையில் குதிரையேறிப் போகிறாள். கிடைப்பது ஜலதோஷம். அதுவும் மாப்பிள்ளை பிடிக்க அம்மா போட்ட திட்டம்.

அடுத்து ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ படியுங்கள். நம்மூரில் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ ஆன கதைதான். அதில் மழையில் சறுக்கி விழுந்த நாயகி மேரியனை, வில்லோபி என்ற அழகன் அப்படியே தூக்கிக்கொண்டு வீடு சேர்க்கிறான். சினிமாக்காரர்கள் எதையும் சேர்க்கத் தேவையில்லாத காட்சி. ஆனால் அவளைக் கைவிட்டு, பணக்காரப் பெண்ணாகப் பார்த்துக் கட்டிக்கொள்பவனும் அவன்தான்.