காணாமல் போனவருக்குப் பூசை கொடுக்கலாமா? வீட்டுச் செபம் ஏன் இரண்டு கிழமையில் நின்றுவிடுகிறது?

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் வயல் செய்கிற கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிறு பூசையோடு எங்கள் விசுவாசம் முடிந்துவிடுகிறது. வீட்டில் செபம் தொடங்கினால் நிலைக்குதில்லை. போரில் காணாமல் போன மச்சானுக்குப் பூசை கொடுக்கவும் மாமி விடுகிறா இல்லை. "என்ர பிள்ளை செத்திட்டானோ?" என்கிறா. என்ன செய்யலாம்?

பதில்: மாமியிடமிருந்தே தொடங்குவோம். பெயர் சொல்லிப் பூசை கொடுத்தால் அது செத்தவருக்குத்தான் என்பது ஊர் நினைப்பு. திருச்சபைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உயிரோடிருப்பவர், இறந்தவர் யாருக்காகவும் குரு பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது சட்டத்தொகுப்பின் 901ஆம் இலக்கம். ஆக, மச்சான் எந்த நிலையில் இருக்கிறார் என்று நீங்கள் முடிவு கட்டத் தேவையில்லை.

பிழை நடப்பது அறைவீட்டில், அதாவது பங்குக் குருவின் வீட்டில், பூசைக் கருத்து எழுதுகிற கொப்பியில். பெயரைச் சொன்னதும் பழக்கதோஷத்தில் "ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று எழுதிவிடுவார்கள். பூசையில் அதை வாசிக்கும்போது மாமி எழும்பிப் போய்விடுவா. எழுதும்போதே பக்கத்தில் நின்று, "எங்கிருந்தாலும் இறைவன் கையில் ஒப்படைத்து" என்று எழுதச் சொல்லுங்கள். வாசிப்பவரிடமும் ஒருதரம் சொல்லி வையுங்கள். காணிக்கைக்கு வழியில்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். வசதியில்லாதவர்களின் கருத்துக்குக் காணிக்கை வாங்காமலே பூசை வைக்கும்படி 945ஆம் இலக்கம் குருக்களைக் கேட்டுக்கொள்கிறது.

படத்துக்கு மாலை போடாதீர்கள். இறந்தவர்களின் படங்களுக்கு நடுவில் கொழுவவும் வேண்டாம், தனியாக மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். கார்த்திகை (நவம்பர்) 2, சகல ஆன்மாக்கள் நாளில் சேமக்காலைக்கு (கல்லறைத் தோட்டத்துக்கு) வா என்று மாமியை இழுக்காதீர்கள். அவவாக வந்தால், கல்லறை இல்லாத குடும்பங்கள் நடுச்சிலுவையடியில் மெழுகுதிரி கொளுத்தலாம், அது போதும். 2017 பெப்ரவரி 20 முதல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சிக் கந்தசாமி கோவிலடியில் போராடத் தொடங்கிய தாய்மாரிடம் போய் "மறந்திடுங்கோ" என்று சொல்வது விசுவாசமாகாது. மாமிக்கும் அப்படித்தான்.

இனிச் செபம். நிற்பதற்குக் காரணம் பக்திக் குறைவு அல்ல, நேரமும் நீளமும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 53 மணிச் செபமாலையும் மன்றாட்டுமாலையும் என்று அரை மணித்தியாலம் போட்டால், வயலால் வந்தவர் முழங்காலிலேயே தூங்குவார், பிள்ளை சிணுங்கும். பொழுதுபட்டு லைற் போடுகிற நேரத்துக்கு, சாப்பாட்டுக்கு முதல், மாற்றுங்கள். கிழமை நாளில் ஒரேயொரு பத்து: ஒரு கர்த்தர் கற்பித்த செபம், பத்து அருள் நிறைந்த மரியே, ஒரு திரித்துவப் புகழ். நான்கு நிமிடத்துக்கு மேல் போகாது. முழுச் செபமாலை சனிக்கிழமைக்கு இருக்கட்டும். ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை ஒரே ஒரு ஆளின் பெயரைச் சொல்லட்டும். "உலக சமாதானத்துக்காக" என்று தொடங்கினால் பிள்ளைக்கு அலுத்துவிடும், "முன்வீட்டு ஆச்சியின்ர காலுக்காக" என்றால் நாளைக்கு ஆச்சியைப் போய்ப் பார்க்கும்.

வியாழக்கிழமை ஒரு சின்னச் சண்டை வரலாம். மாமியின் பழைய புத்தகத்தில் செபமாலையில் தியானிக்கிற 15 தேவ இரகசியங்கள்தான் இருக்கும், இப்போது வியாழனுக்குச் சொல்கிற ஒளியின் ஐந்தும் 2002இல் சேர்ந்தவை. அவ தன் வழக்கப்படி மகிழ்ச்சி இரகசியங்களைச் சொல்லட்டும், குற்றமில்லை.

வாய் திறக்க மனமில்லாத நாளும் வரும். அன்றைக்குச் செபமாலையை விட்டுவிட்டு 13ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். "எவ்வளவு காலத்துக்கு?" என்று கடவுளையே கேட்கிற பாட்டு அது, ஒரு நிமிடம் செல்லும். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதாகமத்தில்தான் இருக்கிறது. பழைய வேதாகமத்தில் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்றிருந்த வரி 1995 திருவிவிலியத்தில் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்று வருகிறது. எனக்கு எதிர்நோக்கு என்ற சொல்தான் பிடிக்கும், வாசலைப் பார்த்தபடி இருக்கிற சொல். மாமி செய்வதும் அதுதான்.

தவக்காலம் பல வருடங்களில் காலபோக நெல் வெட்டோடு முட்டும். ஒருசந்தி (ஒருநேரச் சாப்பாட்டு நோன்பு) கடமை 18 முதல் 59 வயதுவரை, அதுவும் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி என்ற இரண்டே நாள். சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்ப்பது, 14 வயதிலிருந்து. சட்டத்தைப் பலரும் காக்கிறார்கள்தான், ஆனால் வெள்ளிக்கிழமை இறைச்சியை விட்டுவிட்டு நண்டுக்கறி காய்ச்சினால் என்ன ஒறுத்தல்? பருப்பும் கீரையும் சமைத்து, மிச்சப்பட்ட காசை அன்றைக்கே தவக்கால உண்டியலில் போடுங்கள். பிறகு போடுவோம் என்றால் போடமாட்டீர்கள்.

வயல்காரருக்கு இன்னொன்று. கூலியை விடியுமட்டும் வைத்திருக்காதே என்று லேவியர் 19:13 சொல்கிறது. யாக்கோபு 5:4இல் கொடுக்காத கூலியே கூக்குரலிடுகிறது. "நெல்லு வித்திட்டுத் தாறன்" என்ற பேச்சு வேண்டாம். களை பிடுங்க ஆள் கூப்பிடும் முன்பே அந்தக் காசை எடுத்து வையுங்கள். ஒரே வரம்பில் ஒரே வேலை செய்கிற ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கொரு கூலி என்பதை உங்கள் வயலில் இந்தப் போகத்தோடு நிறுத்துங்கள்.